உத்தரவாதம் எனக்கு

கரமனை,
திருவனந்தபுரம்,
12 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை நாச்சியாரின் வணக்கம். நானும் ரேஷ்மியும் சுகம். உங்கள் காது எப்படி இருக்கிறது? மாவு மில் ஓடும்போது காதில் பஞ்சு வைக்கச் சொன்னேனே, வைக்கிறீர்களா? நேற்று போனில் நான் கத்தியது இந்தத் தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது. உங்களுக்கு மட்டும்தான் கேட்கவில்லை. கீழ்வீட்டுச் சேச்சி, "எந்தா டீச்சரே, அடிபிடியா?" என்று கேட்டுக்கொண்டு மாடிக்கே வந்துவிட்டாள். இனி நமக்குக் கடிதம்தான்.

விஷயம் இதுதான். எங்கள் கல்லூரிப் பெண்கள் வாலிபால் அணியைத் தாய்லாந்தில் ஒரு போட்டிக்கு அழைத்திருக்கிறார்கள். ஜூலையில் போக வேண்டும். கோச்சாக நான் போகிறேன். உங்கள் மகள் ரேஷ்மியும் அணியில் இருக்கிறாள். அத்தை என்பதற்காக எடுக்கவில்லை. வலைக்கு மேலே அவள் கை வருகிற உயரத்துக்கு இங்கே வேறு யாருக்கும் வராது. அவளை எடுக்காவிட்டால்தான் என்னைத் திட்டுவார்கள்.

தகப்பனாரின் சம்மதம் கையெழுத்தாக வேண்டுமாம். தாளை இதோடு வைத்திருக்கிறேன். மதினி உயிரோடு இருந்தால் முதல் கையெழுத்து அவர்தான் போட்டிருப்பார். நீங்கள் யோசிப்பீர்கள் என்று தெரியும். யோசிக்க ஒன்றுமில்லை. ரேஷ்மியின் உத்தரவாதம் முழுக்க எனக்கு.

வெயிலில் சைக்கிளில் அலையாதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
நாச்சியார்


பணகுடி,
21 மே 2025

அன்புத் தங்கை நாச்சியாருக்கு,

அண்ணன் சுடலைக்கண்ணு எழுதிக்கொள்வது. நானும் மில்லும் ஓடிக்கொண்டிருக்கிறோம். காதைப் பற்றிக் கேட்காதே. உன் முழங்கால் வலி தேவலையா?

முடியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். தாயில்லாப் பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்ப எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்? பிறகு உன் கடிதத்தை இன்னொரு தடவை வாசித்தேன். வாட்ச் வாங்கினாலே ஒரு வருஷத்துக்குத்தான் உத்தரவாதம் தருகிறான், நீ முழுக்கத் தந்திருக்கிறாய். கையெழுத்துப் போட்டுவிட்டேன். டீக்கடைப் பகவதிப்பெருமாளிடம் அந்த வரியை வாசித்தும் காட்டினேன். "அப்பம் ஆறு பேர்ல ஒருத்தியா கண்டிப்பா எறக்குவேன்னு தங்கச்சி கேரண்டி குடுத்தாச்சுன்னு சொல்லும்வே" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் ஃபிளக்ஸ் வைக்கவும் ஏற்பாடு செய்திருக்கிறேன். அவள் துள்ளி அடிக்கிற போட்டோ ஒன்று அனுப்பு.

இன்னொன்றும் இப்போதே சொல்லிவைக்கிறேன். ஆட்டத்தில் அவளுக்குக் கை, கால் என்று ஏதாவது வந்தால் அன்றோடு வாலிபால் முடிந்தது. இங்கே வந்து மில்லில் உட்காரட்டும். உன் மதினி கடைசி மாதங்களில் கம்பு ஊன்றி நடந்ததை நான்தான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் மகள் கையில் கம்பைப் பார்க்க என்னால் ஆகாது.

பிள்ளைக்குத் தலைக்கு எண்ணெய் வைத்துவிடு. நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
சுடலைக்கண்ணு


கரமனை,
6 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இருவரும் சுகம். காதுக்கு டாக்டரைப் பார்த்தீர்களா இல்லையா என்று ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடுவீர்கள்?

போட்டோ வைத்திருக்கிறேன். ஆனால் ஃபிளக்ஸ் எனக்குப் பிடிக்கவில்லை. ஆடி முடித்து வந்த பிறகு வைத்தால் என்ன?

இங்கே எனக்கு வயிறு எரிகிறது. அணியோடு ஒரு பிசியோ வர வேண்டும். பிள்ளைகளுக்கு அடிபட்டால் பார்க்கத் தெரிந்த ஆள். அந்த இடத்தில் மேனேஜர் ஜெயந்த் சாரின் மனைவி ஸ்ரீலட்சுமி பெயரைப் போட்டிருக்கிறார்கள். அவருக்கு பேங்கில் உத்தியோகம். "மேடத்துக்குக் கணுக்கால் கட்டத் தெரியுமா சார்?" என்று எல்லாரும் இருக்கும்போதே கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, "ஐஸ் வைக்கான் ஆர்க்கறிஞ்ஞூடா டீச்சரே?" என்றார். ஐஸ் வைக்க யாருக்குத் தெரியாதாம். கல்லூரி நிர்வாகத்தில் இருப்பவர், என்ன வேண்டுமானாலும் சொல்வார். நான் வருஷா வருஷம் கான்ட்ராக்ட் புதுப்பித்துக்கொள்கிறவள், வாயை மூடிக்கொண்டேன். மூடியது இன்னும் கசக்கிறது.

கட்டுத்துணியும் தைலமும் நானே வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். ரேஷ்மி அவித்த முட்டையும் தேங்காய்ச் சம்மந்திப்பொடியும் கட்டிக்கொண்டு குதிக்கிறாள். போய் வருகிறோம். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

நாச்சியார்


பணகுடி,
28 ஜூலை 2025

தங்கை நாச்சியாருக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். நான் உயிரோடு இருக்கிறேன்.

ஃபைனலை மட்டும் நேரடியாகக் காட்டுகிறார்கள் என்று ரேஷ்மி சொன்னாள் அல்லவா? அம்மன் கோயில் திடலில் திரை கட்டினோம். ஊரே வந்து உட்கார்ந்தது. நான் சுண்டல் அவித்துக் கொடுத்தேன். என்ன பார்த்தோம் தெரியுமா? என் மகள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தோம். நடுவில் ஆட்டத்தை நிறுத்தினால் இருந்த இடத்திலிருந்தே தண்ணிப் பாட்டிலை எடுத்து நீட்டினாள். மறுபடி துண்டு. மறுபடி பெஞ்சு. கேமரா அவள் பக்கம் போகும்போதெல்லாம் திடலே என்னைத் திரும்பிப் பார்த்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. கடைசியில் பின்னாலிருந்து ஒருவன் வாயைத் திறந்தான்: "ஏ சுடலை, ஒம் மவ தண்ணி குடுக்கத்தான் பிளேன் ஏறிப் போனாளோவ்?"

அணியும் தோற்றது. அவளை இறக்கி, அவள் அடித்துத் தோற்றிருந்தால் நான் நெஞ்சை நிமிர்த்தி நடந்திருப்பேன். உத்தரவாதம் என்று எழுதினாயே நாச்சியா. அதை நம்பி நான் ஊருக்கெல்லாம் சொன்னேனே. என் மகளை எதற்கு உட்கார வைத்தாய்? அண்ணன் மகள் உனக்கு ஆகவில்லையா? அவளும் ஒரு வாரமாக என்னிடம் வாய் திறக்கவில்லை. என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறாய்?

பதில் எழுது. உடம்பு எப்படி இருக்கிறது என்பதையும் எழுது.

சுடலைக்கண்ணு


கரமனை,
6 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்பது கோச்சின் முடிவு. அதற்கு அண்ணனிடமும் காரணம் சொல்ல மாட்டேன். இங்கே ஜெயந்த் சார், சொந்தக்காரப் பிள்ளையை அத்தை பொத்தி வைத்தாள், அதனால்தான் கோப்பை போயிற்று என்று சொல்லித் திரிகிறார். அங்கே நீங்கள், அண்ணன் மகளை ஒதுக்கி வைத்தேன் என்கிறீர்கள். இரண்டு பேரும் ஓரிடத்தில் உட்கார்ந்து, பொத்தி வைத்தேனா ஒதுக்கி வைத்தேனா என்று பேசி முடிவு செய்து எனக்கும் சொல்லுங்கள்.

தாய்லாந்தில் தரை நம் ஊர்த் தரை இல்லை, ரப்பர் விரிப்பு. நம் சிமெண்டுத் தளத்தில் கால் வழுக்கும், அதில் கால் ஒட்டிக்கொள்ளும். உடம்பு திரும்பினாலும் பாதம் திரும்பாது. இதை ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இதற்கு மேல் எழுத மாட்டேன்.

ரேஷ்மி பேசவில்லை என்று வருத்தப்படாதீர்கள். என்னிடமும் பேசவில்லை. கீழ்வீட்டில் ஒரு அறை காலியாக இருந்தது, அவளுக்குக் கேட்டு வாங்கியிருக்கிறேன். சும்மா சும்மா மாடி ஏறி இறங்க வேண்டாமே என்றுதான். நன்றாகச் சாப்பிடுகிறாள். நீங்களும் சாப்பிடுங்கள்.

நாச்சியார்


பணகுடி,
20 ஆகஸ்ட் 2025

நாச்சியாருக்கு,

நான் சாப்பிடுவது இருக்கட்டும்.

அம்மன் கோயில் திருவிழா, ஆவணிக் கொடை வருகிறது. கொடையில் எப்போதும்போல வாலிபால் போட்டி உண்டு, இந்த வருஷம் பெண்களுக்கும் வைக்கிறோம். ஓணம் லீவுக்குப் பிள்ளையை அனுப்பு. ஊர் முன்னால் ஒரு ஆட்டம் ஆடட்டும். நாலு அடி அவள் அடித்தால் போதும், எல்லா வாயும் அடைந்துவிடும்.

ஃபிளக்ஸில் அவள் கைக்கு மேலே பந்து இருந்ததே, அந்தப் பந்தின் மேல் எவனோ தார் மையால் ஒரு குடத்தை வரைந்துவிட்டான். இப்போது பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் பார்ப்பது தலைக்கு மேலே தண்ணிக்குடம் தூக்கித் துள்ளுகிற என் மகளைத்தான். கழற்றிவிடும்வே என்கிறான் பகவதிப்பெருமாள். கழற்ற மாட்டேன். அவள் வந்து அடித்துக் காட்டட்டும், அன்றைக்கு என் கையால் கழற்றுகிறேன்.

நீ மறைப்பது ஏதோ இருக்கிறது. செவிடனுக்கு அதுகூடத் தெரியாது என்று நினைக்காதே.

அனுப்பு. பஸ் ஏற்றிவிட்டுத் தகவல் சொல்.

சுடலைக்கண்ணு


கரமனை,
1 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

உங்களுக்கும் மில்லுக்கும் சுகமா? அனுப்ப முடியாது. பரீட்சை என்று எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். உங்களிடம் பொய் எழுத வரவில்லை. அதனால் முடியாது என்று மட்டும் எழுதுகிறேன்.

உத்தரவாதம், உத்தரவாதம் என்று என் சொல்லையே என் தலையில் எறிகிறீர்கள். அந்தச் சொல்லுக்கு இந்த ஊரில் கேரண்டி என்று பொருளில்லை. பொறுப்பு என்று பொருள். மலையாளத்தில் ரிப்போர்ட் எழுதி எழுதி எனக்குக் கைக்கு அதுதான் வருகிறது. அவளை ஆறு பேரில் இறக்குவேன் என்று நான் எங்கே வாக்குக் கொடுத்தேன்? அவளுக்கு எது வந்தாலும் அது என் தலையில் என்றுதான் எழுதினேன். நீங்கள் வாட்ச் வாங்குகிற கணக்கில் வாசித்தால் நான் என்ன செய்ய?

கல்லூரியிலும் இதே சொல்தான். தோற்றதற்கு "ஆர் உத்தரவாதி" என்று மெமோ கொடுத்தார்கள். "ஞான் தன்னெ" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நான்தான், நான் மட்டும்தான். அவர்களுக்கும் அது போதும், உங்களுக்கும் போதும் என்று நினைக்கிறேன்.

கொடைக்கு என் பங்காக அம்மனுக்கு ஒரு மாலை வாங்கிப் போடுங்கள். பிள்ளைக்காக வேண்டிக்கொள்ளுங்கள். என்ன ஏது என்று கேட்காமல் வேண்டிக்கொள்ளுங்கள்.

நாச்சியார்


பணகுடி,
14 அக்டோபர் 2025

நாச்சியாருக்கு,

சனிக்கிழமை மில்லைப் பூட்டிவிட்டு ரயில் ஏறினேன். தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கி நேரே உன் கல்லூரிக்குத்தான் போனேன். கையில் அதிரசம். உன் பெயரைச் சொன்னேன். கேட்டில் நின்றவன், "நாச்சியார் டீச்சரோ? டீச்சரெ பறஞ்ஞு விட்டல்லோ" என்றான். எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. காதுக்குப் பக்கத்தில் வந்து கையை ஆட்டிக் காட்டினான். உன்னை வேலையிலிருந்து அனுப்பி ஓணத்தோடு ஒரு மாதமாகிறது. எனக்கு ஒரு வார்த்தை இல்லை.

அப்புறம் மகளைப் பார்த்தேன். மரத்தடி பெஞ்சில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்தாள். முழங்காலைச் சுற்றிப் பட்டை, கையில் கம்பு. அதிரசப் பொட்டலத்தை எங்கே போட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை.

தாய்லாந்திலிருந்தே இப்படியாம். நீ யார் என்னிடம் மறைக்க? நான் பெற்றவன். பொறுப்பு என்று பாடம் நடத்தினாயே, பொறுப்பு உள்ளவள் பெற்றவனிடம் சொல்ல மாட்டாளா? நான் உன்னை எப்படியெல்லாம் திட்டி எழுதினேன். அதையும் வாசித்துவிட்டுச் சும்மா இருந்தாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என்னை எவ்வளவு மடையனாக்கிவிட்டாய்.

உன் மாடிப் படி ஏறாமல் அப்படியே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த மாதம் திருவனந்தபுரத்திலேயே எலும்பு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். அதற்குப் பிறகு வாலிபால் இல்லை. ஆஸ்பத்திரிப் பக்கம் நீ வராதே. உன் முகத்தைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை.

சுடலைக்கண்ணு


கரமனை,
23 அக்டோபர் 2025

அண்ணனுக்கு,

சுகம் விசாரிக்க இப்போது எனக்கு வாய் வரவில்லை. ரேஷ்மிக்கு வீக்கம் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கிறேன்.

மறைத்தேன். சரி. ஏன் மறைத்தேன் என்று கேளுங்கள்.

செமிஃபைனலில் அவள் அடித்துவிட்டு இறங்கினாள். பாதம் விரிப்பில் ஒட்டிக்கொண்டது, முழங்கால் மட்டும் திரும்பியது. சத்தம் எனக்குக் கேட்டது. "ஒண்ணுமில்லத்தே" என்று எழுந்து நின்றுவிட்டாள். சாயங்காலத்துக்குள் மூட்டு தேங்காய் அளவு வீங்கிவிட்டது. பிசியோவைத் தேடினேன். பிசியோ புருஷனோடு கடைவீதி பார்க்கப் போயிருந்தது. ஓட்டல் வாசலில் பழச்சாறு விற்கிற அம்மாளிடம் கையால் சைகை காட்டி ஐஸ் வாங்கி வைத்தேன். ரேஷ்மி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அப்பாட்ட மட்டும் சொல்லாதீங்கத்தே. சொன்னா என்ன வெளாட விட மாட்டாவ."

அவளுக்கு எப்படித் தெரியும்? நீங்கள்தான் மே மாதமே எழுதிவிட்டீர்களே. கை, கால் என்று வந்தால் அன்றோடு முடிந்தது என்று. அந்த வரியை அவளும் வாசித்திருக்கிறாள்.

மறுநாள் ஃபைனல். ஜெயந்த் சார், "ஸ்ப்ரே அடிச்சு எறக்கிக்கோ டீச்சரே, ஒரு களியல்லே?" என்றார். ஒரே ஒரு ஆட்டம்தானே என்கிறார். முடியாது என்றேன். "டீச்சர் டாக்டரா?" என்றார். டாக்டரும் இல்லை, பிசியோவும் இல்லை, அந்த இடத்தில் உங்கள் மனைவியை ஏற்றி வந்திருக்கிறீர்கள் என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். ரேஷ்மி என்னைக் கும்பிட்டு அழுதாள், இறக்குங்கள் என்று. நான் இறக்கவில்லை. உங்கள் கோபத்தையும் அவர்கள் கோபத்தையும் தாங்கிக்கொண்டேன். ஒரு மாதம் என்னிடம் பேசாத அந்தப் பிள்ளையின் கோபம்தான் அண்ணே என்னைக் கொன்றது.

வந்ததும் ஸ்கேன் எடுத்தோம். மூட்டுத் தசைநார் பாதி கிழிந்திருக்கிறது, சரிசெய்தால் திரும்ப ஆடலாம் என்றார் டாக்டர். ஃபைனலில் இறங்கியிருந்தால் முழுக்கப் போயிருக்கும், ஆட்டத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். பிள்ளை காயத்தை மறைத்துவிட்டது என்று எழுதிக் கொடு, உன் வேலை இருக்கும் என்று கல்லூரியில் சொன்னார்கள். அவள் மேல் பழி போட்டு எனக்கு ஒரு வேலையா? போங்கடா என்றேன், அனுப்பிவிட்டார்கள்.

உங்களிடம் மறைத்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்டால் அது பொய். ஒன்று மட்டும் கேட்கிறேன். மதினியைக் கொண்டுபோனது நோய் அண்ணே, கம்பு இல்லை. அந்தப் பயத்தைப் பிள்ளையின் காலில் கட்டாதீர்கள். அவள் ஆட்டத்தை நிறுத்தாதீர்கள். என் முகத்தைப் பார்க்க வேண்டாம், இதைச் செய்யுங்கள் போதும்.

நாச்சியார்


திருவனந்தபுரம்,
19 நவம்பர் 2025

அன்புத் தங்கை நாச்சியாருக்கு,

அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுவது. ரேஷ்மிக்கு வீக்கம் இல்லை. நாளைக் காலை ஆபரேஷன். நீ சாப்பிட்டாயா?

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் மறுமொழி போடவில்லை. எழுத உட்கார்ந்தால் திட்டத்தான் வந்தது. யாரைத் திட்டுகிறேன் என்று பாதியில் சந்தேகம் வந்துவிடும், கிழித்துப் போட்டுவிடுவேன்.

இன்று சேர்க்கும்போது நர்ஸ் ஒரு தாளை வைத்துக்கொண்டு, "குட்டியுடெ உத்தரவாதி ஆரா?" என்று காதுக்குள் கத்தினாள். எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் சுர்ரென்று வந்தது. "கேரண்டில்லாம் டாக்டர்தாம்மா குடுக்கணும், நாங்க எப்படிக் குடுக்க?" என்றேன். அவள் முழித்தாள். ரேஷ்மி படுக்கையில் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். "யப்பா, புள்ளைக்குப் பொறுப்பு யாருன்னு கேக்காவ." நான்தான், அப்பா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எந் தங்கச்சி" என்று வந்துவிட்டது. சொன்ன பிறகு திருத்தவும் தோன்றவில்லை.

கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. நீ மறைத்தது மறைத்ததுதான். நேரில் வைத்துத் திட்டுவேன், நீயும் திட்டிக்கொள். அந்த ஜெயந்தை எனக்கு ஒரு தடவை காட்டு, காது கேட்காதவன் எவ்வளவு சத்தமாகப் பேசுவான் என்று அவனும் தெரிந்துகொள்ளட்டும்.

ஃபிளக்ஸைக் கழற்றவில்லை. மண்ணெண்ணெய் தொட்டுக் குடத்தைத் துடைத்தேன். துடைத்ததில் பந்தும் பாதி போய்விட்டது, கை அப்படியே இருக்கிறது. அடுத்த வருஷம் அவள் ஆடும்போது புதிதாக வைத்துக்கொள்ளலாம் என்று பகவதிப்பெருமாளிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

பெண்கள் வார்டில் ஆண்கள் இரவு தங்கக் கூடாதாம். கூட இருக்க ஒரு பெண் வேண்டும். அத்தைக்குப் போன் போடவா என்று ரேஷ்மி கேட்டாள். வேண்டாம் என்றேன். வராதே என்று கடிதத்தில் எழுதியவன், வா என்பதையும் கடிதத்தில்தான் எழுத வேண்டும். தபாலில் போட்டால் நாளாகும், ஆட்டோக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். அதே ஆட்டோவில் ஏறிவிடு.

தகப்பன் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உத்தரவாதி என்ற இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். சீக்கிரம் வா, நர்ஸ் முறைக்கிறாள்.

அண்ணன்,
சுடலைக்கண்ணு